பதினாலு பாட்டும் ஒரு கார் செட்டும்

பியூலா அக்கா என்னிடம் கேட்ட உதவி ஒன்றே ஒன்றுதான். அவளுடைய அப்பாவின் பாட்டு சி.டி. காரில் ஓடக் கூடாது.

"ஓடாத மாதிரி ரைட் பண்ணித் தாட்டி. ஆனா பாக்கிறவங்களுக்கு நீ நல்லாத்தான் பண்ணிருக்கேன்னு தோணணும்," என்றாள்.

அவள் அப்பா தவசிமுத்து எனக்குப் பெரியப்பா. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் முப்பத்திரண்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். ஓய்வு பெற்ற மறுமாதமே பாட்டுக் கட்ட ஆரம்பித்தார். வேதாகமத்திலிருந்து சம்பவங்களை எடுத்து, சொந்தமாக ராகம் போட்டு, பதினாலு பாட்டு. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலை அடைத்து, போர்வைக்குள் உட்கார்ந்து எல்லாவற்றையும் என் ஃபோனில் பதிவு செய்தார். சபையில் கடைசி வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கிற மனிதர் அவர். நேரில் பாடச் சொன்னால் கழுத்தெல்லாம் வியர்த்துவிடும். போர்வைக்குள் போய்விட்டால் மட்டும் மில் சங்கு தோற்றுப்போகும்.

பாட்டு மோசம் என்று நான் சொல்ல மாட்டேன். பஞ்சு ஏற்றிய லாரி மலைப்பாதையில் போவது போல ஒவ்வொரு வரியும் மெல்ல மேலே ஏறும். பாதியில் கியர் மாறும். சில சமயம் கொஞ்சம் பின்னால் உருளும். கேட்கிறவர்கள் கையைப் பிசைந்துகொண்டு, எப்படியாவது ஏறிவிட வேண்டுமே என்று தவிப்பார்கள்.

போன வருஷம் தளவாய்புரத்திலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள் அப்படி நாலு பாட்டுக்குத் தவித்தார்கள். "ஊருக்குப் போயி சொல்லி அனுப்புதோம்" என்று எழுந்தார்கள். இன்னும் சொல்லி அனுப்பவில்லை. அந்த வரன் போனதில் அக்காவுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இப்போது வரப்போகிற வரன் போகவே கூடாது. பிரேம்குமார், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். அக்கா கணக்கு டீச்சராக இருக்கும் பள்ளியிலேயே அவருக்கும் வேலை. இரண்டு வருஷம் யாருக்கும் தெரியாமல் பழகி, ஆறு மாதம் போராடி, இரண்டு வீட்டையும் பேச வைத்திருந்தார்கள். சனிக்கிழமை அவர் வீட்டார் வருவதாக ஏற்பாடு.

இங்கேதான் பெரியப்பா ஒரு முடிவு எடுத்தார்.

"மாப்பிள்ளை வீட்டாரை பஸ்ஸில வரவிட்டா அது மரியாதையா? நானே வண்டியக் கொண்டுபோயிக் கூட்டிட்டு வாரேன். வார வழியில நம்ம பாட்டையும் போட்டுக் காட்டிருவோம்."

அக்கா உடனே கணக்குப் போட்டாள். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து எங்கள் ஊருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர். பெரியப்பா ஓட்டும் வேகத்தில் நாற்பது நிமிஷம். நாற்பது நிமிஷத்துக்கு எட்டு பாட்டு. பிரேம்குமாரின் அப்பா எட்வின் சாரோ தலைமையாசிரியராக இருந்தவர், சபையில் பிரசங்கம் செய்பவர். ஆர்கன் வாசிப்பவரின் விரல் ஓரிடத்தில் தடுமாறினால்கூட கண்ணாடிக்கு மேலே பார்ப்பாராம்.

"நாலு பாட்டுக்கே ஒரு வரன் போயிட்டு. எட்டுக்கு என்ன ஆகும்னு நீயே சொல்லு," என்றாள் அக்கா.

பெரியப்பாவின் வெள்ளைக் கார் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. அதிலுள்ள செட்டில் ரேடியோ வரும், சி.டி. போட ஒரு வாய் உண்டு, வேறெதுவும் கிடையாது. பென் டிரைவ், புளூடூத் என்றெல்லாம் அதனிடம் பேச முடியாது. பஞ்சு மார்க்கெட் பக்கம் கார் செட் கடை வைத்திருக்கும் ஃபயாஸ் அண்ணன் பல தடவை மாற்றச் சொல்லியும் பெரியப்பா கேட்கவில்லை. வண்டியோடு பிறந்ததைப் பிடுங்கக் கூடாது என்பது அவர் கட்சி. சி.டி. எழுதும் லேப்டாப் எங்கள் குடும்பத்தில் என்னிடம் மட்டும்தான் மிச்சமிருந்தது. அதனால் இந்தச் சதி என் மடியில் வந்து விழுந்தது.

முதல் சி.டி.யில், ஃபோனிலிருந்த எம்.பி.3 பாட்டுகளை அப்படியே அள்ளிப் போட்டேன். லேப்டாப்பில் பெரியப்பா அருமையாகப் பாடினார். காரில் போட்டதும் செட் கொஞ்ச நேரம் கரகரவென்று யோசித்தது. பிறகு சாப்பாடு பிடிக்காத குழந்தையைப் போல டிஸ்க்கை வெளியே தள்ளிவிட்டது.

"என்ன பிரிஸ்கி, இப்பிடிப் பண்ணுது?"

"பழைய செட்டுல்லா பெரியப்பா. அதுக்கு வயசாயிட்டு."

பெரியப்பா கோபப்படவே இல்லை. அங்கேதான் நான் அவரைத் தப்பாக எடை போட்டேன். ஒரு மிஷின் ஓடவில்லை என்றால், ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்காமல் ஃபிட்டருக்குச் சோறு இறங்காது. டிஸ்க்கைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸ்கூட்டரில் ஃபயாஸ் அண்ணன் கடைக்குப் போனவர், அரை மணி நேரத்தில் பாடம் படித்துவிட்டுத் திரும்பினார்.

"இந்த செட்டுக்கு எம்.பி.3 தெரியாதாம்ட்டி. கடையில விக்கிற பாட்டு சி.டி. மாதிரியே ஆடியோ சி.டி.யா ரைட் பண்ணணுமாம். இது தெரியாமப் போச்சே உனக்கு!"

அடுத்ததை ஆடியோ சி.டி.யாகவே எழுதினேன். ஆனால் கடைசியில் டிஸ்க்கை மூடும் வேலை ஒன்று உண்டு, அதைச் செய்யாமல் விட்டேன். இன்னும் பாட்டு வரப்போகிறது என்று டிஸ்க் வாயைத் திறந்து வைத்துக் காத்திருக்கும். கம்ப்யூட்டர் அதைப் பொறுத்துக்கொள்ளும், கார் செட் பொறுக்காது. செட் மறுபடி துப்பியது. பெரியப்பா மறுபடி ஸ்கூட்டரை எடுத்தார்.

"டிஸ்க்க ஃபைனலைஸ் பண்ணலயாம். கதவைச் சாத்தாம கலியாண வீட்ட விட்டுட்டு வந்த மாதிரின்னு சொல்லுதான் ஃபயாஸ்."

மூன்றாவது தடவை டி.வி.டி. ஒன்றில் எழுதிக் கொடுத்தேன். பார்க்க சி.டி. போலத்தான் இருக்கும், அந்த செட்டுக்கு மட்டும் ஒன்றுமே விளங்காது. இந்தத் தடவை பெரியப்பா பதினைந்தே நிமிஷத்தில் திரும்பி வந்தார்.

"தூரத்தில இருந்தே சொல்லிட்டான். அடியில நாகப்பழக் கலரா இருந்தா அது டி.வி.டி.யாம். ரைட் பண்ணித் தார பிள்ள யாருன்னு கேட்டான். எந் தம்பி மகள்னு சொன்னேன். ரொம்ப விவரமான பிள்ள, ஒரே தப்ப ரெண்டாந் தடவ பண்ண மாட்டேங்குன்னான். ஒருநாள் கடைக்குக் கூட்டிட்டு வரச் சொன்னான்."

ஃபயாஸ் அண்ணனுக்கு என் சதி புரிந்துபோயிருந்தது. வெள்ளிக்கிழமை மாலை அதைவிடப் பெரிய இடி இறங்கியது. பெரியப்பா என் ஃபோனை வாங்கிப் போய், ஃபயாஸ் அண்ணனையே எழுத வைத்து, ஒரு டிஸ்க்கோடு வந்தார். வீட்டு வாசலில் காரை நிறுத்திப் போட்டுப் பார்த்தார். முதல் வரி முழுசாக வெளியே வந்தது. எதிர்வீட்டு நாய் படுத்திருந்த இடத்திலிருந்து எழுந்து நின்றது.

"முடிஞ்சுபோச்சுட்டி," என்று அக்கா என் தோளில் சாய்ந்தாள். "எடுத்து ஒளிச்சு வைக்கலாம்னா, அப்பா சட்டைப்பையை விட்டு இறக்கவே மாட்டேங்காவ."

சனிக்கிழமை காலை குடும்ப ஜெபத்துக்கு நானும் போயிருந்தேன். காரில் பெரியப்பாவோடு நானும் ஸ்ரீவில்லிபுத்தூர் போக வேண்டும் என்று ஏற்பாடு. மாப்பிள்ளையின் அம்மாவுக்குத் துணை, செட் மக்கர் செய்தால் வைத்தியம். ஜெபம் முடியும் நேரத்தில் செல்லக்கனி பெரியம்மா, "அந்த சி.டி.யக் கொண்டாங்க" என்றார். அவர் கையில் சின்ன குப்பி இருந்தது. ஜெப எண்ணெய். பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்றாலும், புது வண்டி வாங்கினாலும், தையல் மிஷின் நூலை அறுத்தாலும் பெரியம்மா ஜெபித்து அதைத் தொட்டு சிலுவை போடுவார்.

"மூணு தடவ தடங்கலாச்சுல்லா. இன்னைக்கு எந்தத் தடங்கலும் வரப்படாது ஆண்டவரே," என்று கண்ணை மூடி, விரலை எண்ணெயில் நனைத்து, டிஸ்க்கின் பளபளக்கும் பக்கத்தில் விளிம்பு முதல் விளிம்பு வரை பெரிய சிலுவையாகப் போட்டார். மறுபக்கத்தில் கடைப் பெயர் எழுதியிருந்ததால் அங்கே இடமில்லை.

நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்காவும் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தாள். ஜெபத்தின் நடுவே பேசுவது மரியாதை இல்லை என்பதால் இரண்டு பேரும் பேசவில்லை. ஆமென் மட்டும் சத்தமாகச் சொன்னோம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் எட்வின் சார் வாசலிலேயே தயாராக நின்றார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தோளில் ஒரு துணிப்பை. அவர் முன்னால் ஏறினார். பின்னால் பிரேம்குமார், நடுவில் அவருடைய அம்மா ஞானசுந்தரி, இந்தப் பக்கம் நான். வண்டி ஊரைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்ததும் பெரியப்பா தொண்டையைச் செருமினார்.

"சார், சின்னதா ஒரு பாட்டு சி.டி. இருக்கு. நாந்தான் பாடிருக்கேன். போடட்டுமா?"

"தாராளமாப் போடுங்க."

டிஸ்க் வாயில் நுழைந்தது. வழுக்கியது. வெளியே வந்தது, உள்ளே போனது, ஒருவழியாக விழுங்கப்பட்டது. செட் சுற்றிப் பார்த்தது. திரையில் எழுத்து மின்னி மறைந்தது. பாட்டு வரவில்லை. பெரியப்பா வெளியே எடுக்கும் பொத்தானை அழுத்தினார். உள்ளே ஏதோ சர்சர்ரென்று சுற்றியதே தவிர டிஸ்க் வரவில்லை. திரும்பத் திரும்ப அழுத்தினார். அவர் கழுத்து வியர்ப்பதைப் பின்னாலிருந்து பார்த்தபோதுதான் எனக்கு லேசாக மனசு உறுத்தியது.

"நேத்து ஓடுச்சே சார். எங்க தெருவே கேட்டுச்சு," என்றார். குரல் உள்ளே போயிருந்தது.

"விடுங்க, இதெல்லாம் சகஜம்," என்ற எட்வின் சார், துணிப்பைக்குள் கையை விட்டார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு சி.டி.யை எடுத்தார். "என்கிட்டயும் ஒண்ணு இருக்கு. என்னோட பிரசங்கம். ஒம்பது தலைப்பு. ரெண்டு மாசமா வீட்டு பிளேயர்ல ஓட மாட்டேங்கு. இது கார் செட்டுல மட்டும் ஓடுற டிஸ்க்குன்னு பிரேம்தான் சொன்னான். நம்மகிட்ட கார் இல்ல, பாத்தேளா. சரி, இன்னைக்குக் கேட்டிருவோம்னு கொண்டாந்தேன்."

"இதையும் கொண்டாந்துட்டாவளா," என்று ஞானசுந்தரி அம்மா எனக்கு மட்டும் கேட்கும்படி முனகி, கண்ணை மூடிக்கொண்டார்.

நான் பிரேம்குமாரைப் பார்த்தேன். அவர் வெளியே தெரிந்த தென்னந்தோப்பில் மரங்களை எண்ணிக்கொண்டிருந்தார். காது இரண்டும் சிவந்திருந்தன. அக்காவுக்கு இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

எட்வின் சாரின் டிஸ்க்கைச் செட்டுக்குள் நுழைக்க முடியவில்லை. உள்ளேதான் பெரியப்பா உட்கார்ந்திருந்தாரே.

"வீட்டுக்குப் போற வழிதான் சார். செத்த நேரம் ஃபயாஸ் கடையில நிறுத்திக்கிடுவோமா?" என்றார் பெரியப்பா. "என் பாட்டு உள்ள மாட்டிருக்கு. விட்டுட்டு வர மனசு வரல."

"அவசியம் நிறுத்துங்க. என் பிரசங்கத்தையும் காட்டிருவோம்."

ஃபயாஸ் அண்ணன் செட்டை வண்டியிலிருந்து உருவி, மேசையில் வைத்து மூடியைத் திறந்தார். டிஸ்க்கை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். மூக்கருகே கொண்டுபோனார்.

"அண்ணாச்சி, இது என்ன, தாளிச்சுக் கொண்டாந்திருக்கிய? ரோலரெல்லாம் எண்ணெய். டிஸ்க்கு வழுக்கிக்கிட்டே நிக்கி. வெளிய எப்பிடி வரும்?"

பெரியப்பாவுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. புரிந்ததும் முகம் செத்துவிட்டது. மெல்ல எட்வின் சாரிடம் திரும்பினார்.

"ஜெப எண்ணெய் சார். எங்க வீட்டம்மா தடங்கல் வரப்படாதுன்னு ஜெபிச்சுப் போட்டது. அதுவே தடுத்திருக்குன்னா... பாட வேண்டாம்னு ஆண்டவர் சொல்லுதாரோ?"

கடையில் எல்லோரும் எட்வின் சாரைப் பார்த்தோம். இந்தக் கேள்விக்கு அவர் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். பெரியப்பா இனி ஜென்மத்துக்கும் போர்வைக்குள் போக மாட்டார், அக்காவின் பிரச்சினை தீர்ந்தது. எட்வின் சார் தாடையைத் தடவினார். தன் கையிலிருந்த டிஸ்க்கைப் பார்த்தார். எண்ணெயே படாமல் இரண்டு மாதமாக ஓடாத டிஸ்க் அது. பெரியப்பாவுக்கு ஒரு தீர்ப்பு சொன்னால் அதே தீர்ப்பு தனக்கும் ஆகிவிடும் என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"சேச்சே," என்றார் அழுத்தமாக. "நல்ல காரியத்துக்குத்தான் சாத்தான் இடைஞ்சல் பண்ணுவான். ரெண்டு டிஸ்க்கையும் ஒண்ணுபோலத் தடுத்திருக்கான்னா, ரெண்டுலயும் விஷயம் இருக்குன்னு அர்த்தம். தம்பி, சரி பண்ணுங்க."

ஃபயாஸ் அண்ணன் பெரியப்பாவின் டிஸ்க்கை சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கித் துடைத்தார். ரோலர்களை ஸ்பிரிட்டால் துடைத்துச் செட்டை மாட்டினார். பிறகு எட்வின் சாரின் டிஸ்க்கைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார்.

"இதுவும் ஃபைனலைஸ் பண்ணல. யாரு சார் ரைட் பண்ணுனது?"

"எம் மகன்தான்."

"தம்பி என்ன வேலை பாக்குறாப்புல?"

"பள்ளிக்கூடத்துல கம்ப்யூட்டர் வாத்தியார்," என்றார் எட்வின் சார் பெருமையாக.

ஃபயாஸ் அண்ணன் பிரேம்குமாரைப் பார்த்தார். பெரியப்பா என்னைக் காட்டி, "அந்த விவரமான பிள்ள இதுதான்" என்றதும் என்னையும் பார்த்தார். நான் செருப்பின் வாரைச் சரி செய்யக் குனிந்தேன். இப்போது அவர் ஒரு வார்த்தை சொன்னால் அக்காவின் கல்யாணம் இந்தக் கடையிலேயே முடிந்துவிடும். அவர் சிரிப்பை மென்று விழுங்குவது தெரிந்தது.

"நீங்க ஜாதகமெல்லாம் பாக்க மாட்டிய, எனக்குத் தெரியும் அண்ணாச்சி," என்றார். "நான் சொல்லுதேன், நம்புங்க. இந்த ரெண்டு வீட்டுக்கும் நல்ல பொருத்தம்."

நாலு நிமிஷத்தில் இரண்டாவது டிஸ்க்கும் மூடப்பட்டு வந்தது. காரில் ஏறியதும் மரியாதைச் சண்டை ஆரம்பித்தது. உங்களது முதலில் என்று பெரியப்பா. வண்டி உங்களது, வயதும் உங்களுக்கே அதிகம், உங்களது முதலில் என்று எட்வின் சார். கடைசியில் பெரியப்பாவின் பாட்டு உள்ளே போனது. யோனாவை மீன் விழுங்கும் பாட்டு. மீன் வயிற்றில் மூன்று நாள், நாளுக்கு மூன்று சரணம்.

எட்வின் சார் முதல் சரணத்தில் கதவின் கைப்பிடியைப் பிடித்தார். இரண்டாம் சரணத்தில் பெரியப்பாவின் குரல் மேலே ஏறிப் பாதியில் நின்றபோது, மூச்சை அடக்கிக்கொண்டு முன்னால் சாய்ந்தார். குரல் சறுக்கியது, பிடித்துக்கொண்டது, ஏறிவிட்டது.

"ஏறிட்டிய!" என்று தொடையில் தட்டினார். "விழுந்துருவியன்னுல்லா நெனச்சேன்!"

பெரியப்பா வீடு வந்தது. பட்டுச் சேலையில் அக்கா கேட்டருகே நின்றாள். பெரியப்பா வேகத்தைக் குறைத்தார்.

"நிறுத்தாதிய," என்றார் எட்வின் சார். "ஆளு இன்னும் மீனுக்குள்ள கெடக்கான். ஒரு சுத்து விடுங்க."

கார் அக்காவைக் கடந்து போனது. அடுத்த நிமிஷம் என் ஃபோன் அதிர்ந்தது.

"ஏட்டி, ஏன் நிறுத்தாமப் போறாவ? திரும்பிப் போறாவளா?"

"இல்ல. பாட்டுக் கேக்காவ."

"ஐயோ. ஓடுதா? மாமா என்ன சொல்லுதாவ? அப்பாவ என்னன்னு கூப்பிடுதாவ?"

"காலையில இருந்து எதுவும் சொல்லிக் கூப்பிடல."

இரண்டாவது சுற்றில் நாங்கள் கடந்தபோது அக்கா கேட்டைத் திறந்து தெருவுக்கே வந்திருந்தாள். அவளுக்குப் பின்னால் பெரியம்மா கரண்டியோடு நின்றார். மறுபடி ஃபோன். "இப்ப என்னன்னு கூப்பிடுதாவ?"

"அண்ணாச்சிங்காவ."

"அண்ணாச்சி எல்லாரும் சொல்லுதது. கடைக்காரனும் சொல்லுதான். நல்லாக் கேளுட்டி."

மூன்றாவது சுற்றில் அக்கா அசையவில்லை. ஆறு டம்ளர் காப்பியோடு தட்டை ஏந்திக்கொண்டு நடுத்தெருவில் நின்றாள். பெரியப்பா பிரேக் போட்டே ஆகவேண்டியிருந்தது. யோனா கரையேறி, அடுத்த பாட்டில் மழை தொடங்கியிருந்தது. நோவா பலகைகளுக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தார். யாரும் இறங்கவில்லை. அக்கா தட்டை முன்ஜன்னலுக்குள் நீட்டினாள்.

எட்வின் சார் ஒரு டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். அவளைப் பார்க்காமல் செட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"இந்த வெள்ளப் பாட்டு முடிஞ்சதும் என்னுதப் போடணும், சம்பந்தி. மொதத் தலைப்பு பொறுமை. அஞ்சு பாகம்."

அக்காவின் கண் நிறைந்துவிட்டது. பின் சீட்டில் ஞானசுந்தரி அம்மாவுக்கும் நிறைந்தது, காரணம் வேறு.

"ஏன்ம்மா வெயில்ல நிக்க? நீயும் ஏறு. குடும்பத்தோட உக்காந்து கேக்க வேண்டிய விஷயம்," என்றார் எட்வின் சார்.

"மாமா, உள்ள பலகாரம்..."

"பலகாரம் எங்க போயிரும்? ஏறும்மா."

பெரியப்பா கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. நான் கதவைத் திறந்து இறங்கி, அக்காவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டேன். அவள் ஏறியதும் ஞானசுந்தரி அம்மா பெருந்தன்மையாக இந்த ஜன்னலோரம் நகர்ந்து, மருமகளை மகனுக்குப் பக்கத்தில் விட்டார். பிரேம்குமார் சிரிப்பை அடக்க முடியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். அக்கா பட்டுச் சேலை கசங்க அவருக்கும் மாமியாருக்கும் நடுவில் நெருங்கி உட்கார்ந்து, என்னை முறைத்தாள்.

"எத்தன பாட்டு மிச்சமிருக்குட்டி?"

"பன்னிரண்டு. அதுக்கு முன்னால பொறுமை."

கார் புறப்பட்டது. ஜன்னல்கள் திறந்திருந்ததால் தெருமுனை வரைக்கும் நோவா கேட்டார். பெரியம்மா கரண்டியோடு ஓடிவந்தார்.

"எங்கட்டி போறாவ எல்லாரும்?"

"நிச்சயம் ஆயிட்டு பெரியம்மா," என்றேன். ஆறாமல் இருந்த ஒரு டம்ளரை எடுத்துக்கொண்டு, தட்டை அவரிடம் கொடுத்தேன்.